இருபத்து நான்காவது பெயர்

டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே அவர் ஆதாரம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"கத்திரிக்கா கொத்சு நான் பண்ணதில்ல, எங்க ஓர்ப்படி பண்ணது. உப்பு ஜாஸ்தியா இருந்தா அது மட்டும் என்னுது. கடைசியில நான்தான் கொஞ்சம் போட்டேன்."

ஆசிரியர் அறையில் ஆறேழு பேர் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுவோம். கொத்சு பிரமாதம் என்று யாராவது சொல்லிவிட்டால், அதைக் கொண்டுபோய் ஓர்ப்படியிடம் சேர்த்துவிட்டு, மறுநாள் வந்து, "சொல்லிட்டேன், அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்" என்று எங்களுக்கும் தகவல் தருவார். ஜோக் சொல்வதற்கு முன்னால், "இது நம்ம காலேஜ் பஸ் டிரைவர் சொன்னது" என்பார். அந்த முன்னுரையிலேயே ஜோக் பாதி செத்துவிடும். மீதியையும் அவர் விடாமல் சொல்லி முடிப்பார். நாங்கள் ஜோக்குக்குச் சிரித்ததைவிட அவரைப் பார்த்துச் சிரித்ததுதான் அதிகம்.

திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், கணினி அறிவியல் துறையில், நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். என்னைவிட ஆறேழு வயது பெரியவர். நான் "மேடம்" என்பேன், அவர் என்னை "சார்" என்பார். கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எதையாவது படிக்க எடுத்தால் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் கீழே வைக்க மாட்டார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கிற ஆள்.

ஒருமுறை மாதிரித் தேர்வுக்கு அவர் தயாரித்த வினாத்தாளில், ஏழாம் கேள்விக்குக் கீழே பொடி எழுத்தில், 'வகுப்பில் இதை முதலில் கேட்டவர்' என்று போட்டு ஒரு மாணவியின் பெயர் இருந்தது. துறைத்தலைவர் கூப்பிட்டு விட்டார். நானும் அப்போது அறையில் இருந்தேன்.

"மேடம், இது கொஸ்டின் பேப்பரா, கல்யாணப் பத்திரிகையா? பேரெல்லாம் எதுக்குப் போட்டிருக்கீங்க?"

"கேள்வி அவளுது சார். எனக்கே அது தோணல. நான் யோசிச்சதா நினைச்சுட்டாங்கன்னா தப்பாயிடுமே."

"அவ பரீட்சை எழுதறப்ப அவ கேள்வியையே அவளுக்குக் குடுப்பீங்களா?"

"அதான் சார் அந்தக் கேள்விக்கு மட்டும் 'அல்லது' போட்டிருக்கேன்."

துறைத்தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்தப் பெண் தண்டராம்பட்டுப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து வந்துகொண்டிருந்தவள். அந்த வினாத்தாளைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அதற்கும் சிரித்தோம்.

எங்கள் தொழிலில் மரியாதை எப்படி அளக்கப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினால், அதற்கு யார் யாருடைய கட்டுரைகளைப் பயன்படுத்தினேன் என்று கடைசியில் பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை இருந்தால் உங்களுக்கு ஒரு மேற்கோள் கிடைத்தது என்று கணக்கு. இணையத்தில் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் இதுவரை எத்தனை மேற்கோள் என்ற எண் பெரிதாக நிற்கும். பதவி உயர்வும், ஆராய்ச்சி மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிற உரிமையும், சில சமயம் வேலையுமே அந்த எண்ணைப் பார்த்துத்தான். காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் அந்த எண்ணைப் பார்ப்பவர்களை எனக்குத் தெரியும். நானே அப்படித்தான்.

எண் தானாக ஏறாது என்பது எங்கள் துறைத்தலைவருக்குத் தெரியும். அதனால் அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். எங்கள் துறையில் உள்ளவர்கள் எழுதிய பன்னிரண்டு கட்டுரைகள். யார் எந்தத் தலைப்பில் எழுதினாலும் அந்தப் பன்னிரண்டும் கடைசிப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். "நம்மாளுங்கள நாமளே தூக்கி விடலன்னா வேற யார் தூக்கி விடுவாங்க?" என்பார். பந்தியில் ஒருவர் இலைக்கு ஒருவர் பரிமாறிக்கொள்வது போலத்தான், இதில் என்ன தப்பு என்று எங்களுக்கும் தோன்றியது. எல்லோருடைய எண்ணும் ஏறியது.

மேடத்திடமும் பட்டியல் போனது. மறுக்கவில்லை, இரண்டு வாரம் கேட்டார். அந்த இரண்டு வாரத்தில் பன்னிரண்டு கட்டுரைகளையும் முழுக்கப் படித்துவிட்டார். அந்தப் பன்னிரண்டையும் படித்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார், எழுதியவர்கள் உட்பட. பிறகு துறைத்தலைவரிடம் போய், "பதினொண்ணுக்கும் என் வேலைக்கும் சம்பந்தமே இல்ல சார். ஒண்ணு மட்டும் போடறேன்" என்றார்.

அந்த ஒன்று என்னுடையது. எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று சாயங்காலம் அவர் என் மேசைக்கு வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "மூணாவது பக்கத்துல ஒரு கணக்கு உதைக்குது சார். வேற யாராவது பார்க்கறதுக்குள்ள மாத்திடுங்க" என்றார். அவர் சொன்னது சரி. மாற்றினேன். சுட்டிக்காட்டியவர் பெயரை எங்கேயும் போடவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அவருடைய வேலை தமிழ்க் கையெழுத்து. கணினியைக் கையெழுத்து படிக்க வைக்க வேண்டுமென்றால் முதலில் அதற்கு ஆயிரக்கணக்கில் கையெழுத்துகளைக் காட்ட வேண்டும். ஆங்கிலத்துக்கு அது குவிந்து கிடந்தது. தமிழுக்கு, அதுவும் அவசரமாக, சேர்த்துச் சேர்த்து, நிஜ மனிதர்கள் எழுதும் எழுத்துக்கு, ரொம்பக் கம்மி. மேடம் அதைத் தேடி வேங்கிக்கால் போனார். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று மனு எழுதித் தருபவர்கள் பிளாஸ்டிக் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா, அவர்களிடம். நாள் முழுக்க எழுதி எழுதி அந்தக் கைகளுக்கு ஒரு வேகம் வந்திருக்கும்.

மனுக்களையே ஸ்கேன் செய்துகொண்டால் ஒரே வாரத்தில் வேலை முடியும் என்று நான் யோசனை சொன்னேன்.

"ஐயோ, வேணாம் சார். மனுல இருக்கறது யாரோ ஒருத்தரோட கஷ்டம். அதை நாம எப்படி எடுக்கறது?"

அதனால் எழுதுபவர்களிடமே வெற்றுத்தாளைக் கொடுத்து, நேற்று என்ன சாப்பிட்டீர்கள், வீட்டுக்கு எந்த வழியாகப் போவீர்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று எதையாவது எழுதச் சொன்னார். கூட்டம் குறையும் மத்தியானத்தில், அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, திங்கள் திங்களாக, ஒன்றரை வருஷம். போளூர், செங்கம் தாலுகா ஆபீஸ் வாசல்களுக்கும் போனார். மொத்தம் இருபத்து மூன்று பேர் எழுதினார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து தானே தட்டச்சு செய்து பொருத்தினார்.

ஒரே ஒரு திங்கட்கிழமை நானும் போனேன். அவருடைய ஸ்கூட்டரில் ஸ்கேனர் நிற்கவில்லை. அதனால் என் பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வேங்கிக்கால் வரை கொண்டுபோய்க் கொடுத்தேன். டீக்கடையில் பிளக் கேட்டு வாங்கிச் செருகினோம். ஒரு டீ குடித்தேன். கிளம்பிவிட்டேன். அவ்வளவுதான் என் பங்கு.

கட்டுரை எழுதி ஒரு பெரிய இதழுக்கு அனுப்பினார். நன்றியுரையில் இருபத்து மூன்று பேரின் பெயரும், ஊரும் இருந்தன. இவ்வளவு பெயர் வேண்டாம், 'உள்ளூர் எழுத்தர்களுக்கு நன்றி' என்று ஒரு வரியில் முடித்துவிடுங்கள் என்று இதழிலிருந்து சொன்னார்கள். அவர் திரும்ப வாங்கிக்கொண்டு, யாரும் அதிகம் பார்க்காத ஒரு சின்ன இதழில் போட்டார். "அவங்க எழுதலன்னா என்கிட்ட என்ன சார் இருக்கு?" என்றார். தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கட்டுரையைக் குறிப்பிட்டால் போதும் என்று எழுதி இணையத்திலும் வைத்துவிட்டார்.

எடுத்துக்கொண்ட முதல் ஆள் நான்.

அவருடைய தரவை வைத்து ஒரு நிரல் எழுதினேன். நன்றாகப் படித்தது. வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். மேற்கோள் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. என்னுடையது இரண்டு வரி மிஞ்சியது. எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன், ஏற்கவில்லை. எதையாவது எடுக்க வேண்டும். துறைத்தலைவரின் பன்னிரண்டில் ஒன்றை எடுத்தால் அவர் கண்ணில் படும், என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில் இருந்தது. வெளிநாட்டுக்காரர்களின் கட்டுரைகளை எடுத்தால் மாநாட்டில் கேட்பார்கள். சரியாக இரண்டு வரி நீளத்தில், எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றிய ஒரே மேற்கோள் மேடத்தினுடையது. மேடம் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுத்தேன். உள்ளே, 'ஒரு மாவட்டத் தலைநகரில் தரவு சேகரிக்கப்பட்டது' என்று மாற்றினேன். பட்டியல் கச்சிதமாக ஒரு பக்கத்தில் உட்கார்ந்தது. அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, இதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

அந்தக் கட்டுரைதான் என் வாழ்க்கையை மாற்றியது. தமிழ்க் கையெழுத்தில் வேலை செய்ய நினைத்த எல்லோரும் அதைத்தான் முதலில் பிடித்தார்கள். என் எண் குதித்துக் குதித்து ஏறியது. கல்லூரி வாசலில் என் படத்தோடு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். மேடத்தின் இணையப் பக்கத்தில் எண் இரண்டிலேயே நின்றது. என் கட்டுரை அவரைக் காட்டியிருந்தால், என் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவரையும் காட்டியிருப்பார்கள். இந்தத் தொழிலில் ஒருவர் போட்ட பட்டியலைப் பார்த்துத்தான் அடுத்தவர் போடுவார்.

ஒருநாள் என் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கண்ணாடி மூக்கில் இருந்தது.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார். நம்ம எழுத்தை மிஷின் இவ்ளோ நல்லா படிக்குதேன்னு சந்தோஷமா இருந்துச்சு. கடைசிப் பக்கத்துல என் பேப்பரைத் தேடினேன், கண்ணுல படல. எந்த நம்பர் சார்?"

"அது... பக்கம் பத்தல மேடம். அடுத்து விரிவா ஒண்ணு எழுதப் போறேன். அதுல கண்டிப்பா வந்துடும்."

"அப்படியா. சரிங்க சார்."

அந்த விரிவான கட்டுரையை நான் எழுதவே இல்லை. அவரும் மறுபடி கேட்கவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் முன்போலவே கொத்சு வந்தது, ஓர்ப்படியின் பெயரோடு.

அடுத்த வருஷம் நிர்வாகம் புது விதி கொண்டு வந்தது. ஆராய்ச்சியில் இன்ன அளவு மேற்கோள் இல்லாதவர்களுக்கு நிரந்தரப் பணி கிடையாது, ஒப்பந்தத்தில்தான் தொடரலாம், சம்பளம் பாதி. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். முதல்வர், துறைத்தலைவர், வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், கூட்டத்தின் குறிப்பு எழுத நான்.

வெளியூர்ப் பேராசிரியர் நல்ல மனிதர். மேடத்தின் கோப்பைப் புரட்டிவிட்டு, "எண்ணிக்கை கம்மிதான். பரவால்ல. இந்தத் தரவை யாராவது உண்மையிலேயே பயன்படுத்தியிருக்காங்களாம்மா? ஒருத்தர் பேரைச் சொன்னாக்கூட நான் எழுதிடறேன்" என்றார்.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார்.

"பயன்படுத்தியிருக்காங்க சார். ஆனா அதை நான் சொல்றது முறையில்லைங்க. எடுத்தவங்கதான் சொல்லணும்."

அறையில் மேடத்தோடு சேர்த்து ஐந்து பேர். எடுத்த நான் இரண்டு அடி தூரத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். 'நான்தான் சார்' என்ற இரண்டு வார்த்தை போதும். சொன்னால், ஏன் குறிப்பிடவில்லை என்று அடுத்த கேள்வி வரும். என் பதவி உயர்வு உத்தரவு அதே வாரம் வரவிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் எழுதினேன்: 'தரவு பயன்படுத்தப்பட்டதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை.'

கூட்டம் முடிந்ததும் குறிப்பில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். நான் எழுதிய வரியில் கொஞ்சம் நின்றார்.

"சரியாதான் எழுதியிருக்கீங்க. நான் காட்டலதானே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டார். பிரிவு உபசாரக் கூட்டத்தில் அவர் பேசியது முழுக்க நன்றி. ஆய்வகத்தில் கூட்டிப் பெருக்குகிற அம்மா முதற்கொண்டு ஒவ்வொருவர் பெயரும், அவரவர் என்ன செய்தார்கள் என்பதும். என் முறை வருவதற்குள் போன் வந்தது போல எழுந்து வெளியே போய்விட்டேன். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

சில வருஷங்கள் போயின. நான் பேராசிரியர் ஆனேன். இந்த வருஷம் சிவராத்திரி முடிந்து, வெயில் ஏற ஆரம்பித்த சமயத்தில், வெளிநாட்டிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி மின்னஞ்சல் எழுதியிருந்தாள். தமிழ் தெரிந்த பெண். உங்கள் நிரலோடு இருக்கும் தரவில், 'வலது முட்டி வலிக்குது, இருந்தாலும் பௌர்ணமிக்கு மலை சுத்தி வந்துட்டேன்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அவர் யார், அவருக்கு முட்டி இப்போது எப்படி இருக்கிறது என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டு, தரவுக்கு எந்தக் கட்டுரையைக் குறிப்பிட வேண்டும் என்று முடித்திருந்தாள்.

அப்படி ஒரு வரி இருப்பதே எனக்குத் தெரியாது. எனக்கு அவை வெறும் படங்கள், எண்ணிக்கை. யாரும் எழுதிய எதையும் நான் படித்ததில்லை.

அவளுக்குப் பதில் எழுதுவதற்காக மேடத்தின் கட்டுரையைத் திறந்தேன். அதையும் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கடைசி வரை படித்தேன். சுருக்கத்தையும் ஒரு அட்டவணையையும் மட்டும் பார்த்துவிட்டுத்தான் இத்தனை வருஷம் அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். நன்றியுரையில் இருபத்து மூன்று பெயர்கள், ஊர்களோடு. அதற்குப் பிறகு இருபத்து நான்காவதாக என் பெயர். 'ஸ்கேனரைத் தம் வண்டியில் கொண்டுவந்து கொடுத்தவர். அவர் வராவிட்டால் அன்று வேலை நடந்திருக்காது.'

நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஒரு டீயும் அரைமணி நேரமும் செலவழித்தவனுக்கு அவர் இரண்டு வரி கொடுத்திருக்கிறார். நான் எடுத்ததும் இரண்டு வரிதான்.

மாநாட்டுக்காரர்களுக்கு எழுதினேன். பழைய கட்டுரையில் திருத்தம் சேர்க்கலாம், ஒரு வரி தருகிறோம் என்றார்கள். மேடத்தின் பெயரைப் போட்டு ஒரு வரி எழுதி எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். கரும்பலகையில் ஒரு கணக்கு போட்டிருந்தது. ஓரத்தில், 'இந்த வழியைக் கண்டுபிடித்தவர்' என்று ஏதோ ஒரு குழந்தையின் பெயர்.

"வாங்க சார், உட்காருங்க. டீ போடறேன். இஞ்சி தட்டிப் போடறது கீழ் வீட்டம்மா சொல்லிக் குடுத்தது."

நான் செய்ததை எல்லாம் சொன்னேன். பதவி உயர்வு, நோட்டில் எழுதிய வரி, எதையும் விடவில்லை. அவர் பாலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றார். "நீங்களா வருவீங்கன்னு நினைச்சேன். கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

திருத்தத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை.

"என் பேரு மட்டும்தான் இருக்கு. எழுதினவங்க பேரெல்லாம்?"

எனக்கு மறுபடியும் தோன்றவே இல்லை. "ஒரு வரிதான் தருவாங்களாம் மேடம். இடம் பத்தாது" என்றேன். சொல்லும்போதே, இதை இவரிடம் நான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன் என்று நினைவுக்கு வந்தது.

அவருக்கும் வந்திருக்க வேண்டும். லேசாகச் சிரித்தார். "அப்ப என் பேரும் வேணாம் சார். அவங்கள விட்டுட்டு நான் மட்டும் எப்படி உள்ள போய் உட்கார்றது? நீங்க வேணா வேங்கிக்கால் போய் அவங்களையே கேளுங்க, உங்க பேரு இல்லன்னா பரவால்லியான்னு. அவங்க சரின்னா நானும் சரி."

நீங்கள் இப்போது படிக்கிற இந்தக் கட்டுரையில் நான் அவர் பெயரை எழுதாததற்கும் அதுதான் காரணம். அந்த அனுமதி இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

போன திங்கட்கிழமை வேங்கிக்கால் போனேன். இருபத்து மூன்று பெயர்களையும் அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மனுக்காரர்கள் கூட்டம் கலைந்திருந்தது. வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் வலது காலை ஸ்டூல் மேல் நீட்டி வைத்துக்கொண்டு, பேனாவை மூடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பெயரைச் சொன்னார். இனிஷியலோடு.

"நீங்கதானே? அன்னிக்கு அந்த மிஷினைத் தூக்கிட்டு வந்தீங்க. மேடம் எங்க எல்லார்கிட்டயும் உங்க பேரைச் சொன்னாங்களே, சார் இல்லன்னா இன்னிக்கு வேலையே இல்லன்னு. நல்லா இருக்கீங்களா சார்?"

பட்டியலை வெளியே எடுத்தேன். அதில் எது அவருடைய பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. தாளை அவர் மேசை மேல் வைத்துவிட்டு, "ஐயா, உங்க பேரு?" என்று கேட்டேன்.